ஜெனரல் விட்டு வந்த ஊரும் என் ஊரும்

"படு! படு! எல்லாரும் நிலத்தில படுங்கோ!"

கத்துவது நான்தான். தரையில் குப்புறக் கிடக்கிறேன். கைகள் இரண்டும் காதுகளின் மேல். வாய் திறந்திருக்கிறது. வாயை மூடியிருந்தால் செவிப்பறை கிழிந்துவிடும். உடம்பு அதை மறக்கவில்லை.

மறுபடியும் அந்தச் சத்தம். தும். நிலம் அதிர்கிறது. சிறு இடைவெளி. தும். மேலே மேசையில் தேநீர்க் கோப்பைகள் ஒன்றோடொன்று முட்டுகின்றன.

"ஆ தெர்! ஆ தெர்!"

இது வேறு குரல். ஆண் குரல். மொழி எனக்குத் தெரியாது. ஆனால் விளங்குகிறது. நான் கத்துவதையேதான் அவரும் கத்துகிறார். தலையைத் திருப்புகிறேன். மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு முதியவர் தரையில் கிடக்கிறார். அவருடைய சக்கர நாற்காலி பின்னால் கவிழ்ந்து கிடக்கிறது. பக்கத்து நாற்காலியில் இருந்த மூதாட்டியின் கையைப் பிடித்துக் கீழே இழுக்கிறார். காப்பாற்றத்தான் இழுக்கிறார். அந்த அம்மா அலறுகிறார்.

ஷெல் இல்லை. வன்னி இல்லை. இது நியூசிலாந்தின் ஆக்லாந்து. ஒனிஹங்காவில் ஒரு முதியோர் இல்லத்தின் சாப்பாட்டு அறை. காலைத் தேநீர் நேரம். பக்கத்துக் காணியில் புது அடுக்குமாடி கட்டுகிறார்கள். நிலத்துக்குள் தூண் அடித்து இறக்கும் இயந்திரம் அன்றுதான் வேலையைத் தொடங்கியது.

மற்ற எல்லோரும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். தரையில் இரண்டு பேர் மட்டும். அவர் என்னைப் பார்த்தார். கன்னத்தில் பிஸ்கட் தூள் ஒட்டியிருந்தது. ஆங்கிலத்தில் கேட்டார்.

"எந்தப் போர், மதாம்?"

ஜெனரலோடு நான் பழகத் தொடங்கியது அப்படித்தான்.

என் பெயர் கௌரி. கிளிநொச்சியில் வாழ்ந்தவள். முள்ளிவாய்க்கால் முடிந்தது. முகாம் முடிந்தது. மலேசியாவில் சில வருடங்கள் காத்திருந்தேன். பிறகு அகதி விசாவில் இந்த நாட்டுக்கு வந்தேன். கூட வந்தது மகள் ஆரணி மட்டும். போரின் கடைசி நாட்களில் அவளுக்கு இரண்டு வயது. எதுவும் நினைவில்லை. அப்பாவும் அண்ணாவும் இறந்துவிட்டார்கள் என்று தெரியும். எப்படி என்று தெரியாது. அவள் கேட்கவில்லை. நான் சொல்லவில்லை. இப்போது நகர மையத்தில் பல்கலைக்கழகத்துக்குப் போகிறாள். நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். படிப்பது பிரெஞ்சு. என் அக்கா பாரிசில் இருக்கிறார். அக்காவின் பிள்ளைகளோடு கதைப்பதற்காகப் பள்ளிக்கூடத்தில் தொடங்கியது. பிறகு விடவே இல்லை.

இல்லத்தில் என் வேலை குளிப்பாட்டுவது, உடுப்பு மாற்றுவது, ஊட்டுவது. தரையில் கிடந்த நாளுக்குப் பிறகு ஜெனரலின் அறை என் பொறுப்பானது. அவர் கேட்டு வாங்கினார்.

பிரெஞ்சு இராணுவத்தில் நாற்பது வருடங்களுக்குக் குறையாமல் இருந்தவர். நட்சத்திரம் வைத்த ஜெனரல். மனைவி இறந்த பிறகு ஒரே மகள் கிளேரிடம் வந்தார். கிளேர் ஒரு நியூசிலாந்துக்காரரைக் கலியாணம் செய்து வெஸ்ட்கேட்டில் புது வீடொன்றில் இருக்கிறார். அந்த வீடு முழுக்கப் படிகள். கிழவரால் ஏற முடியவில்லை. அதனால் இந்த இல்லம். அவருடைய பெயரை எழுத வேண்டாம் என்று கிளேர் கேட்டார். எழுதவில்லை.

காலையில் முதுகு தேய்த்துவிடும்போது கதை சொல்வார். மூக்கால் வரும் ஆங்கிலம். மெதுவாகச் சொல்வார். "நீங்கள் கீழே படுத்தீர்கள், மதாம். உங்களிடம் சொல்லலாம்" என்பார்.

பிரான்சின் மேற்குக் கரை. ஒரு சின்னத் துறைமுகம். தகப்பன் மீன் பிடிப்பவர். இரண்டாம் உலகப் போரில் ஊர் ஜெர்மனியர் கையில் இருந்தது. ஒரு கோடைக்காலத்தில் விமானங்கள் வந்தன. ஜெர்மன் விமானங்கள் இல்லை. மீட்க வந்தவர்களின் விமானங்கள். அவருக்கு ஒன்பது வயது. தாயும் தங்கையும் வீட்டின் நிலவறைக்குள் இறங்கினார்கள். இவர் ரொட்டி வாங்கப் போயிருந்தார். முதலில் ஒரு முழக்கம். காதில் அல்ல, வயிற்றில் கேட்கும் முழக்கம் என்றார். எனக்கு அது தெரியும். பிறகு விசில். திரும்பி ஓடி வந்தபோது வீடு இல்லை. தெருவே இல்லை. ரொட்டி கையில் இருந்தது. தங்கையின் பெயர் அனெத். அந்தப் பெயரைச் சொல்லும்போதெல்லாம் நிறுத்திவிடுவார். நானும் தேய்ப்பதை நிறுத்துவேன்.

"அதனால்தான் இராணுவத்தில் சேர்ந்தீர்களா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஆமாம். நிலவறை வாசலில் யாராவது ஒருவர் காவல் நிற்க வேண்டும் என்று நினைத்தேன். சிறுபிள்ளை நினைப்பு."

இராணுவக் கல்லூரி. இருபத்திரண்டு வயதில் லெப்டினன்ட். அல்ஜீரியா. விடுதலை கேட்டு எழுந்த மலைக் கிராமங்கள். "அங்கேயும் வீடுகளுக்கு நிலவறை இருந்தது. வாசலில் நான் நின்றேன். துப்பாக்கியை உள்ளே நீட்டிக்கொண்டு நின்றேன்." கண்ணை மூடிக்கொண்டார். அன்று சவர்க்காரத்தை நான் அவசரமாகக் கழுவினேன். எனக்கும் அந்த வாசலில் நின்றவர்களைத் தெரியும். உள்ளே இருந்து பார்த்தவள் நான்.

பிறகு ஆப்பிரிக்கா. மணல், மலேரியா. பிறகு பெய்ரூட். அவருடைய பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்த கட்டடம் ஒரு காலை வெடித்து இறங்கியது. பிள்ளைகள் என்றுதான் சொன்னார். சிப்பாய்களைச் சொன்னார். வெறும் கையால் கல் பொறுக்கினார். இடது கையில் இரண்டு நகங்கள் அதற்குப் பிறகு வளரவில்லை. அந்தக் கையை நான் நாள்தோறும் கழுவியிருக்கிறேன். பெய்ரூட்டுக்குப் பிறகு பதவி உயர்வு. அதற்குப் பிறகு ஜெனரல்.

ஜெனரலான பிறகு என்ன என்று கேட்டால் யன்னல் பக்கம் திரும்பிவிடுவார்.

அதைச் சொன்னது கிளேர். ஒரு ஞாயிற்றுக்கிழமை. தகப்பன் நித்திரை. நாங்கள் இருவரும் கார் நிறுத்துமிடத்தில் நின்றோம். மழை தூறியது. நான்தான் கேட்டேன். சாதாரணமாகக் கேட்டேன்.

ஐரோப்பாவிலேயே ஒரு போர். மலைகளுக்கு நடுவே ஒரு சின்ன ஊர். நாலு பக்கமும் வளைக்கப்பட்ட ஊர். அங்கே சமாதானப் படை இருந்தது. வெள்ளை நிறக் கவச வண்டிகள். ஜெனரல் அந்தப் பகுதியின் தளபதி. மேலிடத்திலிருந்து கட்டளை வந்தது. படையை வெளியே எடு. அவர் மறுத்துக் கேட்டார். திரும்பவும் அதே கட்டளை. மறுபடி கேட்டார். அதே கட்டளை.

கீழ்ப்படிந்தார்.

ஊர்ச்சனம் படை முகாமின் வாசலுக்கு வந்தது. பெண்கள் வண்டிகளுக்கு முன்னால் படுத்தார்கள். காயப்பட்ட குழந்தைகளை லாரிகளில் ஏற்ற முடிந்தமட்டும் ஏற்றினார். அவருக்கு மொழிபெயர்த்தவள் மிரேலா. அந்த ஊர்ப் பள்ளிக்கூட ஆசிரியை. வெளிநாட்டு ஆட்களை மட்டும்தான் கொண்டுவரலாம் என்பது கட்டளை. மிரேலா அந்த ஊர்க்காரி. அவளும் வாசலில் நின்றாள். திரும்பி வருவேன் என்று அவளைக் கொண்டே சனத்துக்குச் சொல்லவைத்தார். ஊர் விழுந்தது. பிடித்தவர்கள் ஆண்களைத் தனியாகப் பிரித்துக் கொன்றார்கள். மிரேலாவின் உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. பிறகு விசாரணை நடந்தது. ஜெனரல் கட்டளைப்படி நடந்தார், குற்றம் இல்லை என்று முடித்தார்கள். அவர் பதவியை விட்டு வீட்டுக்கு வந்தார்.

"குற்றம் இல்லை என்று சொன்னதைத்தான் அப்பாவால் தாங்க முடியவில்லை" என்றார் கிளேர்.

நான் உள்ளே போனேன். கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டேன். நேர்சிடம் போய் ஜெனரலின் அறைக்கு இனி என்னைப் போடவேண்டாம் என்றேன்.

காரணம் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

கிளிநொச்சி. இரண்டாயிரத்து எட்டு. செப்டெம்பர். என் கணவர் ஒரு வெளிநாட்டு உதவி அலுவலகத்தில் டிறைவர். வெள்ளை வாகனம். பத்து வருடம் அதை ஓட்டினார். வெளிநாட்டவர்கள் எல்லோரும் வன்னியை விட்டு வெளியேற வேண்டும் என்று அரசாங்கம் அறிவித்துவிட்டது. உள்ளூர் ஆட்களுக்கு வெளியேறும் பாஸ் கிடைக்காது. எங்களைப் போகவிட ஒரு பக்கம் ஆயத்தமில்லை. வரவிட மறுபக்கம் ஆயத்தமில்லை. புறப்பாட்டுக்கு முதல் நாள் வாகனங்களுக்கு எண்ணெய் பார்த்ததும் காற்றடித்ததும் என் கணவர்தான். வழியில் எதுவும் பழுதாகக் கூடாது என்று கவனமாகப் பார்த்தார். வீட்டுக்கு வந்து கை கழுவினார். கிறீஸ் போகவில்லை. கழுவிக்கொண்டே இருந்தார்.

கேற்றுக்கு வெளியே சனம். நானும் நிற்கிறேன். ஆரணி இடுப்பில். மூத்தவன் கவின் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். வெயில். தூரத்தில் ஷெல் குத்தும் சத்தம்.

"போகாதேங்கோ! எங்களை விட்டிட்டுப் போகாதேங்கோ!"

எல்லோரும் கத்துகிறார்கள். நானும் கத்துகிறேன். நீங்கள் நின்றால் ஆமி எங்களுக்கு அடிக்க மாட்டான். அவ்வளவுதான் எங்கள் கணக்கு. கேற் திறக்கிறது. வாகனங்கள் வரிசையாக வருகின்றன. கண்ணாடிகள் மூடியிருக்கின்றன. என் கணவரின் வாகனத்தை வேறொருவர் ஓட்டிப் போகிறார். புழுதி. பிறகு சத்தமில்லை.

அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த ஆளுக்குத்தான் இத்தனை மாதம் முதுகு தேய்த்திருக்கிறேன் என்று எனக்குப் பட்டது. வேறு நாடு, வேறு போர் என்று மூளைக்குத் தெரியும். கை ஒத்துக்கொள்ளவில்லை.

பல நாட்கள் அந்தப் பக்கம் போகவில்லை. அதற்குள் அவருக்குப் பக்கவாதம் வந்தது. சிறிய தாக்குதல் என்றார் டொக்டர். ஆனால் ஆங்கிலம் முழுக்கப் போய்விட்டது. பிரெஞ்சு மட்டும் மிஞ்சியது. சாப்பாட்டைத் தட்டிவிட்டார். குளிப்பாட்டப் போனவர்களைக் கத்தித் துரத்தினார்.

நேர்ஸ் லலிதா அக்கா மலேசியத் தமிழர். என்னைத் தேடி வந்தார்.

"கௌரி, அவரு யாரையும் கிட்ட விட மாட்டேங்கிறாரு. மதாம், மதாம்னு கதவையே பாக்குறாரு. உங்களத்தான் தேடுறாரு லா. என்னா கோவமா இருந்தாலும் ஒரு தடவ போய்ப் பாத்துட்டு வாங்க."

"போய் என்ன செய்யிறது அக்கா? அவர் கதைக்கிறது எனக்கு விளங்காது."

"உங்க மக பிரெஞ்சு படிக்குதுன்னு சொன்னீங்கல்ல? கூட்டிட்டு வாங்க. கிளேர்கிட்ட நான் போன்ல கேக்குறேன்."

கிளேர் சம்மதித்தார். வேலை முடிந்து வெஸ்ட்கேட்டிலிருந்து அவர் வந்துசேர மாலையாகிவிடும். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. நான் கேட்க நினைத்ததை மகளின் முன்னால் தகப்பனிடம் கேட்க முடியாது.

ஆரணி மதியம் ரயிலில் வந்தாள். முதுகில் புத்தகப் பை. அறைக்குள் வந்ததும் பிரெஞ்சில் ஏதோ வணக்கம் சொன்னாள். ஜெனரலின் முகம் திரும்பியது. வாயின் ஒரு பக்கம் சரிந்திருந்தது. நான் போகாத நாட்களில் மெலிந்துவிட்டார். என்னைப் பார்த்து நீளமாக ஒன்று சொன்னார்.

"நீங்கள் ஏன் வரேல்லை எண்டு கேக்கிறார்" என்றாள் ஆரணி. பிறகு என் பக்கம் குனிந்து, "அம்மா, வாட் ஷுட் ஐ சே?"

"நான் தமிழில சொல்லுறன். நீ அவருக்குச் சொல்லு. கூட்டவும் வேண்டாம். குறைக்கவும் வேண்டாம்."

"ஓகே."

"அவற்ற மகள் அந்த ஊரைப் பற்றி எனக்குச் சொன்னவா எண்டு சொல்லு. நானும் அப்பிடி ஒரு கேற்றுக்கு வெளியில நிண்டனான் எண்டு சொல்லு."

ஆரணி சொல்லத் தொடங்கினாள். பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தாள். நீங்களா என்று அவள் கண் கேட்டது. நான் தலையாட்டினேன். அவள் சொல்லி முடித்தாள். ஜெனரல் கண்ணை மூடினார். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் காதுப் பக்கம் வழிந்தது. நான் துடைக்கவில்லை.

"வாகனத்துக்குள்ள இருந்தவை எங்களைப் பார்த்தவையோ எண்டு கேள். இல்லாட்டி நேர றோட்டைத்தான் பார்த்தவையோ?"

அவர் பதில் சொன்னார். சொற்கள் குழறின. ஆரணி கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்து கேட்டாள். இரண்டு தடவை திருப்பிச் சொல்லவைத்தாள்.

"பார்த்தவராம். எல்லாரையும் பார்த்தவராம். பச்சை கோட் போட்ட ஒரு பொம்பிளை. கையில ஒரு சின்னச் சப்பாத்து. ஒண்டுதான். மற்றது எங்கை எண்டு இப்பவும் யோசிக்கிறவராம். மிரேலா கத்தேல்லையாம். கையைப் பொக்கற்றுக்குள்ள விட்டுக்கொண்டு நிண்டவாம். கண்ணாடியைத் திறக்க நினைச்சவராம். திறந்தா இறங்கியிருப்பன் எண்டு சொல்லுறார். அதாலதான் திறக்கேல்லையாம்."

"இறங்கியிருந்தா என்ன நடந்திருக்கும்?"

"எல்லாரோடயும் செத்திருப்பாராம். ஒருத்தரும் தப்பியிருக்க மாட்டினமாம். ஆனா..." ஆரணி நிறுத்தினாள். "அம்மா, தெமுவான். விட்னஸ். தமிழில என்ன?"

"சாட்சி."

"சாட்சி. ஒரு சாட்சி இருந்திருக்கும் எண்டு சொல்லுறார். அதைக்கூட அந்தச் சனத்துக்குக் குடுக்கேல்லை எண்டு சொல்லுறார்."

இத்தனை வருடமாக இந்தப் பதிலைத்தான் கேட்க நினைத்தேன். கேட்ட பிறகு கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. களைப்பாக இருந்தது. கதிரையை இழுத்து இருந்தேன். ஜெனரல் மீண்டும் பேசினார். சின்னக் கேள்வி. ஆரணியின் முகம் மாறியது.

"அப்பாவின்ர பேரைக் கேக்கிறார்."

இந்த நாட்டில் அலுவலகங்கள் கேட்டிருக்கின்றன. விசாவுக்கு, வீட்டுக்கு, பள்ளிக்கூடத்துக்கு. தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஒருவரும் கேட்டதில்லை.

சொன்னேன். ஆரணி சொல்லச் சொல்ல நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

நகுலன். தை மாதக் கடைசி. சுதந்திரபுரம். பாதுகாப்பான இடம் என்று அறிவித்த இடம். அங்கே போய்த்தான் தறப்பாள் கூடாரம் கட்டினோம். விடியப்புறம். தூரத்தில் ஷெல் ஏவிக் குத்தும் சத்தம். ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு கூவிக்கொண்டு வரும். "பங்கருக்குள்ள இறங்கு!" என்று அவர் கத்தினார். நாங்கள் பதுங்குகுழிக்குள் இறங்கினோம். அவர் பக்கத்துத் தறப்பாளில் இருந்த நடக்க முடியாத ஒருவரைத் தூக்கப் போனார். நாலாவது விழுந்தது. கிட்ட விழுந்தால் சத்தம் கேட்காது. மண் மட்டும் வரும். மண் வந்தது. அவரை அந்தப் பங்கரிலேயே வைத்து மூடினோம். மூடி முடிக்க முன்னம் அடுத்தது வந்தது. ஓடினோம்.

கவின். சித்திரை. புதுமாத்தளன் கடற்கரை. அவனுக்கு ஏழு வயது. பங்கர் மணலில் நிற்காது. சேலைகளில் மண் நிரப்பி மூட்டை அடுக்கியிருந்தோம். வெயில் தாங்கவில்லை என்று தலையை மட்டும் வெளியே எடுத்தான். "அம்மா, இண்டைக்குச் சத்தம் இல்லை" என்றான். பிறகு ஒரு சின்ன டிக். ஒரு துப்பாக்கிச் சன்னம். என் மடியில் சரிந்தான். நித்திரை என்று நினைத்தேன்.

ஆரணி இங்கே நின்றுவிட்டாள். நான் அவள் தோளில் கை வைத்தேன். நிப்பாட்டு பிள்ளை, போதும் என்றேன். அவள் தலையை ஆட்டினாள். மறுபடி தொடங்கினாள். அதுவரை என் மகனைச் சொல்ல அவள் பாவித்த சொல் "ஃபீஸ்". எனக்குப் பிரெஞ்சு தெரியாவிட்டாலும் அது காதில் விழுந்திருந்தது. இப்போது சொல் மாறியது. "மொன் ஃப்ரேர்" என்றாள். பிறகு கடைசிவரை அதைத்தான் சொன்னாள். என் அண்ணா.

சுதன். என் தம்பி. வைகாசி. வட்டுவாகல் பாலம் தாண்டி வந்தோம். அவன் ஆரணியைத் தோளில் வைத்திருந்தான். ஆமிக்காரர் ஒருவர் கை காட்டினார். நீ இந்தப் பக்கம் வா. பிள்ளையை என்னிடம் தந்தான். "பின்னால வாறன் அக்கா" என்றான். அவனைப் பஸ்ஸில் ஏற்றினார்கள். பஸ் போனது.

ஜெனரல் முழுக்கக் கேட்டார். ஆறுதல் சொல்லவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. பெயர்களைத் திருப்பிச் சொன்னார். நாக்குலான் என்றார். காவேன் என்றார். ஆரணி கண்ணைத் துடைத்துக்கொண்டு திருத்தினாள். "நோ, மொன் ஜெனரல். கவின். க-வின்." அவர் மறுபடி முயன்றார். சரிந்த வாய். வரவில்லை. மறுபடி. வெளியே இயந்திரம் ஓய்ந்திருந்தது. கடைசியில் வந்தது. தெளிவாக வந்தது. கவின்.

அன்று பின்னேரம் அவரைக் குளிப்பாட்டினேன். ஆரணி துவாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு கரண்டி சூப் குடித்தார்.

அதற்குப் பிறகும் ஆரணி வந்தாள். ஜெனரல் தன்னுடைய ஆட்களைப் பற்றி அவளுக்குச் சொன்னார். அவள் எனக்குச் சொன்னாள். வீட்டுக்குப் போகும் ரயிலில் என்னிடம் கேள்விகள் கேட்டாள். அப்பாவுக்கு என்ன சாப்பாடு பிடிக்கும். அண்ணா தன்னோடு சண்டை பிடிப்பானா. தமிழில் கேட்டாள். சொல் வராத இடத்தில் மட்டும் ஆங்கிலம்.

ஆடி மாதம். இங்கே குளிர்காலம். ஜெனரல் காலையில் இறந்தார். கிளேர் ஒரு கையைப் பிடித்திருந்தார். நான் நகமில்லாத கையைப் பிடித்திருந்தேன். இராணுவ மரியாதை எதுவும் வேண்டாம் என்று முன்பே சொல்லி வைத்திருந்தாராம். தகனத்துக்குப் பத்துப் பேர்கூட வரவில்லை. யாராவது பேசுங்கள் என்று கிளேர் கேட்டார். அவரால் முடியவில்லை. ஆரணி எழுந்து போனாள். இழந்தவர்களின் பெயர்களை மட்டும் சொன்னாள். நான் அவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜெனரல் இழந்தவர்கள். தாய். தங்கை அனெத், நாலு வயது. பெய்ரூட் கட்டடத்துக்குள் தூங்கிய பிள்ளைகள். மிரேலா. பச்சை கோட் போட்ட பெண், பெயர் தெரியாது. அந்த ஊரின் ஆண்கள். அவர்களுடைய தொகையை அவர்களின் சனம்தான் சொல்ல வேண்டும். அல்ஜீரியாவில் நிலவறைகளுக்குள் இருந்தவர்களையும் சேர்க்கும்படி அவரே ஆரணியிடம் சொன்னார். தான் இழந்தவர்களாக அல்ல. தன்னால் உயிரிழந்தவர்களாக.

நான் இழந்தவர்கள். கணவர் நகுலன். சுதந்திரபுரத்தில் இருக்கிறார். இடம் அடையாளம் இல்லை. மகன் கவின். கடற்கரையில் மணலுக்குள் வைத்தேன். அந்த இடத்துக்கு இன்றுவரை போகவில்லை. தம்பி சுதன். உடல் இல்லை. இறந்தான் என்று எழுத எனக்கு உரிமையும் இல்லை.

மிஞ்சியது இரண்டு பேர். நானும் ஆரணியும். இப்போது இரண்டு பேருக்கும் தெரியும்.